கேளுங்க சொல்றேன்: கேட்டுல பூட்டு, கையில ஒரு பேப்பர்

இந்த முறை வந்த கடிதம், வட்சப் மெசேஜ், வொய்ஸ் கட் எல்லாத்துலயும் பாதிக்கு மேல கார்மெண்ட் ஃபெக்டரியில வேலை போற விஷயம்தான். அதனால சமையல் கேள்வி, முடி கொட்டுற கேள்வி எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளி வச்சாச்சு, கோவிச்சுக்காதீங்க. நானும் ஒரு காலத்துல ஓவர்லொக் மெசின்ல குனிஞ்சு இருந்தவதான், இன்னும் கழுத்து வலி போகல. அதனால இதுல கொஞ்சம் நீட்டிப் பேசுவேன்.

அக்கா, ஓடர் இல்லைன்னு வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்க லைன்ல இருந்த எல்லாரையும் கூப்பிட்டு ஒரு பேப்பர்ல கையெழுத்து வைக்கச் சொன்னாங்க. சிங்களத்துலயும் இங்கிலிஷ்லயும் இருந்துச்சு. வச்சா ரெண்டு மாச சம்பளம் கையில தாறோம்னாங்க. 60 பேர் வச்சிட்டாங்க. நான் எட்டு வருசம் ஒபரேட்டர், தலை சுத்துதுன்னு சொல்லிட்டு வைக்காம வந்துட்டேன். இப்ப எல்லாரும் என்னை முட்டாள்ங்கிறாங்க. நான் செஞ்சது பிழையா?
(பெயர் வேண்டாம், தலவாக்கலை பக்கம்)

தங்கச்சி, உனக்குத் தலை சுத்தினது நல்ல நேரத்துல சுத்தியிருக்கு.

அந்தப் பேப்பர் என்னன்னு நான் பார்க்கல, ஆனா இந்த மாதிரி நேரத்துல மேசைக்கு வர்ற பேப்பர் பெரும்பாலும் ராஜினாமா கடிதம்தான். அதாவது ஃபெக்டரி உன்னை நிப்பாட்டல, நீயாவே ஆசைப்பட்டு விலகிப் போறேன்னு நீயே எழுதிக் குடுக்குறது. ஏன் அவங்களுக்கு அது அவ்வளவு முக்கியம்னா, நம்ம இலங்கையில 1971-ஆம் வருசத்து 45-ஆம் இலக்கச் சட்டம்னு ஒண்ணு இருக்கு. 15 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யுற இடத்துல, கடைசி 12 மாசத்துல 180 நாளுக்கு மேல வேலை செஞ்ச ஒருத்தரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாம நிப்பாட்டணும்னா, ஒண்ணு அந்த ஆள் எழுத்துல சம்மதிக்கணும், இல்லாட்டி தொழில் ஆணையாளர் நாயகம் அனுமதி குடுக்கணும். ஓடர் இல்ல, நட்டம், வெளிநாட்டுக்காரன் வரி போட்டுட்டான், எந்தக் காரணமா இருந்தாலும் இதேதான். ஆணையாளர்கிட்ட போனா நட்டஈடு எவ்வளவுன்னு அவர் கணக்குப் போட்டுச் சொல்லுவார், அந்தக் கணக்கு அவங்களுக்குக் கசக்கும், அதுக்குத்தான் வெள்ளிக்கிழமை பின்னேரம் பேப்பரும் பேனையும்.

கணக்கைச் சொல்றேன், ஒரு கொப்பியில எழுதிக்க. முதல் அஞ்சு வருசத்துக்கு வருசத்துக்கு ரெண்டரை மாச சம்பளம். ஆறாவது வருசத்துல இருந்து பதினாலாவது வருசம் வரைக்கும் வருசத்துக்கு ரெண்டு மாசம். அதுக்கப்புறம் கொஞ்சங் கொஞ்சமா குறையும். உனக்கு எட்டு வருசம், அப்ப அஞ்சு வருசத்துக்குப் பன்னிரண்டரை, மிச்ச மூணுக்கு ஆறு, மொத்தம் பதினெட்டரை மாச சம்பளம். உன் சம்பளம் 30,000-ன்னு வச்சா 555,000 ரூபா. அவங்க நீட்டினது 60,000. இப்ப சொல்லு யார் முட்டாள்னு. (இதுக்கு உச்ச வரம்பு ஒண்ணு இருக்கு, 25 லட்சம், நமக்கு அந்தக் கவலை வராது.)

இது தவிர பணிக்கொடை, நம்ம ஆளுங்க கிரட்டுவிட்டின்னு சொல்றது. அஞ்சு வருசம் முடிச்சிருந்தா வருசத்துக்கு அரை மாச சம்பளம், 1983-ஆம் வருசத்துச் சட்டம். உனக்கு 15,000 எட்டுத் தரம், 120,000 ரூபா. இதுல ஓவர்டைம் சேராது. வேலை முடிஞ்சு 30 நாளைக்குள்ள குடுக்கணும், பிந்தினா மேலதிகமாக் கட்டணும். இதை நீ ராஜினாமா பண்ணினாலும் குடுத்தே ஆகணும், அதனால கையெழுத்து வச்ச அந்த 60 பேரும் அஞ்சு வருசம் முடிச்சிருந்தா இதையாச்சும் விடக்கூடாது. "ரெண்டு மாச சம்பளத்துல எல்லாம் அடங்கிட்டுது"ன்னு யாராச்சும் சொன்னா, அடங்கல.

கையெழுத்து வச்சவங்களுக்கும் கதவு முழுசா மூடல. என்ன எழுதியிருக்குன்னு புரியாம வச்சோம், வச்சாத்தான் அந்த மாச சம்பளமே வரும்னு சொன்னாங்க, இப்படி நடந்திருந்தா அதையே முறைப்பாட்டுல எழுதலாம். ஆனா வேலை போன நாள்ல இருந்து ஆறு மாசத்துக்குள்ள குடுக்கணும், ஒரு நாள் பிந்தினாலும் கஷ்டம். அட்டன்லயும் நுவரெலியாவுலயும் தொழில் அலுவலகம் இருக்கு. முறைப்பாட்டைத் தமிழ்லயே எழுதலாம், தமிழும் அரச கரும மொழிதான், கவுண்டர்ல யாராச்சும் சிங்களத்துல எழுதிட்டு வான்னா வெட்கப்படாம நில்லு. தனியாப் போகாத, நாலு பேர் சேர்ந்து போ. சம்பளச் சிட்டை, அடையாள அட்டை, ஃபெக்டரி ஐடி கார்ட், எதிர்ல யார் இருந்தாங்க, எத்தனை மணி, என்ன சொன்னாங்கன்னு ஒரு பக்கம் எழுதி எடுத்துட்டுப் போ, மறக்க முன்னாடி இன்னைக்கே எழுது.

நான் வேலை செஞ்ச இடத்துலயும் இப்படித்தான். காலையில ஆறரைக்கு பஸ்ஸால இறங்கினா கேட்டுல சங்கிலி, செக்யூரிட்டி மாமா எங்க மூஞ்சியைப் பார்க்காம டீ ஃப்ளாஸ்க் மூடியைத் திருகிட்டே இருந்தார். ஒரு கிழமை கழிச்சுக் கூப்பிட்டு பேப்பர் நீட்டினாங்க, நான் வச்சேன், என்ன எழுதியிருக்குன்னு கேட்கக்கூட இல்ல. அதனாலதான் உன்கிட்ட இவ்வளவு நீட்டிச் சொல்றேன்.

அமெரிக்காவுல இறக்குமதியால வேலை போனா அரசாங்கமே காசு குடுத்துப் படிக்க வைக்குதாம், கனடாவுல இருக்குற மச்சான் சொன்னான். எங்க ஃபெக்டரி போனது அமெரிக்கா போட்ட வரியாலதான். அப்ப அந்தத் திட்டத்துக்கு நாங்க அப்ளை பண்ணலாமா? நம்ம நாட்டுல அப்படி ஒண்ணு இல்லையா?
(கொட்டகலை வாசகர்)

தம்பி, கேள்வி பிடிச்சிருக்கு, பதில் பிடிக்காது. அப்ளை பண்ண ஏலாது.

மச்சான் சொன்னது உண்மைதான், ஆனா பழைய உண்மை. 1962-ல கென்னடி ஜனாதிபதியா இருந்தப்ப வந்த திட்டம் அது. வெளிநாட்டுச் சாமான் மலிவா உள்ள வர விடுறோம், அதனால நாட்டுக்கு லாபம், ஆனா ஒரு மில் மூடினா அந்த ஊர்க்காரன் மட்டும் ஏன் சுமக்கணும், அதனால அவனுக்கு அரசாங்கம் கை குடுக்கணும்னு யோசனை. யோசனை நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா நிபந்தனை ரொம்ப இறுக்கம், முதல் ஏழு வருசம் ஒரு தொழிலாளிக்குக்கூட கிடைக்கல. 1974-ல சட்டத்தைத் தளர்த்தினப்புறம்தான் நிறைய ஆளுங்களுக்குப் போய்ச் சேர்ந்துச்சு. ஒரே இடத்துல வேலை செஞ்ச மூணு பேர் சேர்ந்து மனு போட்டாப் போதுமா இருந்துச்சு, அங்கத்தைய தொழில் திணைக்களம் விசாரிச்சு, ஆமா இறக்குமதியாலதான் வேலை போச்சுன்னு சான்று குடுத்துச்சு. அப்புறம் படிப்புச் செலவு, படிக்கிற காலத்துக்கு கிழமைக்கு ஒரு தொகை, வேற ஊருக்கு வேலைக்குப் போனா குடிபோற செலவு. வயசு 50 தாண்டினவங்க குறைஞ்ச சம்பளத்துக்கு வேற வேலைக்குப் போனா, பழைய சம்பளத்துக்கும் புதுசுக்கும் உள்ள வித்தியாசத்துல பாதியை ரெண்டு வருசம் வரைக்கும் குடுத்தாங்க. இந்தக் கடைசி விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது, 50 வயசுப் பொம்பளையைக் கம்ப்யூட்டர் கிளாஸுக்கு அனுப்புறதை விட அதுதான் மனுசத்தனம்.

2003 ஜூலை கடைசியில வட கரோலைனா மாநிலத்துல கன்னாபொலிஸ்னு ஒரு சின்ன டவுன்ல, துவாயும் பெட்ஷீட்டும் செஞ்ச பில்லோடெக்ஸ்னு ஒரு பெரிய மில் மூடிச்சு. அந்த மாநிலத்துல மட்டும் ஒரே நாள்ல நாலாயிரத்துக்கும் மேல ஆட்களுக்கு வேலை போச்சு. அம்மா, அப்பா, பாட்டின்னு மூணு தலைமுறை அதே மில்லுல, ஊரே ஒரு மில் கம்பனி கட்டினது, கேட்டா நம்ம தோட்டம் மாதிரியே இல்ல? நிறையப் பேர் ஸ்கூல் முடிக்காம மில்லுக்குப் போனவங்க. இந்தத் திட்டத்தாலதான் அவங்க பக்கத்துக் கல்லூரியில போய் மறுபடி பெஞ்சுல உட்கார்ந்தாங்க.

இதுல ஒரு விஷயத்தை யோசிச்சுப் பாரு. அங்க அவங்க வேலை போறதுக்குக் காரணம்னு சொன்ன இறக்குமதியில, நம்ம மாதிரி நாட்டுல நம்ம மாதிரி பிள்ளைங்க தச்சதும் சேர்த்தி. அதே அமெரிக்கா 2025 ஏப்ரல்ல நம்ம சாமானுக்கு 44 வீதம் வரின்னு சொல்லி, ஜூலையில 30-ன்னு சொல்லி, ஓகஸ்ட்ல 20-க்குக் குறைச்சுச்சு. நம்ம ஆடை ஏற்றுமதியில நூத்துக்கு நாப்பது அளவு அங்கதான் போகுது. அங்க இறக்குமதியால போன வேலைக்குத் திட்டம் இருந்துச்சு, இங்க ஏற்றுமதி நின்னதால போற வேலைக்குத் திட்டம் இல்ல. போதாததுக்கு அங்கயும் 2022 ஜூலை 1-ல இருந்து புது மனு எடுக்குறதை நிப்பாட்டிட்டாங்க, காலம் முடிஞ்ச சட்டத்தைக் காங்கிரஸ் நீட்டல, அவ்வளவுதான்.

நம்ம நாட்டுல வேலை போனா மாசாமாசம் குடுக்குற அரச காப்புறுதி இல்ல. எந்த நாட்டுல இருந்து எவ்வளவு உடுப்பு வாங்குறதுன்னு வெளிநாட்டுக்காரங்க அளவு வச்சிருந்த கோட்டா முறை 2004 கடைசியோட முடிஞ்சு சின்ன ஃபெக்டரிங்க தடுமாறினப்பவும் இல்ல, 2010 ஓகஸ்ட்ல ஐரோப்பா ஜீ.எஸ்.பி. பிளஸ்ங்கிற வரிச் சலுகையை எடுத்து 2017 மே வரைக்கும் தராம இருந்தப்பவும் இல்ல. 1992-ல ஜனாதிபதி பிரேமதாச காலத்துல 200 கார்மெண்ட் திட்டம்னு ஊர் ஊரா ஃபெக்டரி வந்தப்ப, பின்தங்கின ஊர்ல போட்டா கோட்டா தாறோம்னுதான் முதலாளிமாரைக் கூட்டிட்டு வந்தாங்க. கோட்டா போனா அந்த ஊர்ல இருக்குறவ என்ன செய்வாள்னு அப்ப யாரும் எழுதி வைக்கல. அதனால மேல தலவாக்கலைத் தங்கச்சிக்குச் சொன்னேனே, நட்டஈடு, பணிக்கொடை, அதோட உன் சேமலாப நிதி, அதாவது ஈ.பி.எஃப்., அதுதான் நம்மகிட்ட இருக்குற "திட்டம்". அரசாங்கம் குடுக்குறது இல்ல, முதலாளி குடுக்க வேண்டியதும் உன் சம்பளத்துல வெட்டினதும்.

எனக்கு ஈ.பி.எஃப். எடுக்க ஏலாதாம், பேர் பிழையாம். 34 வயசு, மூணு கார்மெண்ட்ல வேலை செஞ்சேன், கட்டுநாயக்கவுல ரெண்டு, இங்க ஒண்ணு.
(பொகவந்தலாவை)

இதுல ரெண்டு சிக்கல் இருக்கு, தனித்தனியாப் பார்ப்போம்.

முதல்ல வயசு. பொம்பளைங்களுக்கு 50, ஆம்பளைங்களுக்கு 55 ஆனாத்தான் முழுசா எடுக்கலாம். கல்யாணத்துக்காக வேலையை விட்டா, நிரந்தரமா நாட்டை விட்டுப் போனா, உடம்பு ஏலாமப் போய் நிரந்தரமா வேலை செய்ய முடியாட்டி, இப்படிச் சிலதுக்கு முன்னாடியே தருவாங்க. ஃபெக்டரி மூடினதுக்கு மட்டும் தரமாட்டாங்க. பத்து வருசம் கட்டி, கணக்குல மூணு லட்சத்துக்கு மேல இருந்தா வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ 30 வீதம் எடுக்கலாம். ஆனா ஈ.டி.எஃப்.னு சொல்ற ஊழியர் நம்பிக்கை நிதி வேற. அது முதலாளி மட்டும் கட்டுற மூணு வீதம், வேலை விட்டாலே கேட்கலாம், ஒரு தடவை எடுத்தா அடுத்ததுக்கு அஞ்சு வருசம். நிறையப் பேர் ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சு இதைக் கேட்காமலே விட்டுட்டாங்க. இன்னைக்குக் கஞ்சிக்கு உதவுறது இதுதான்.

அடுத்தது பேர். இது நம்ம மலையகத்துக்கே உள்ள வியாதி. பிறப்புச் சான்றுல லெட்சுமி, அடையாள அட்டையில லக்ஷ்மி, ஃபெக்டரி எச்.ஆர். பிள்ளை காதுல கேட்டபடி லெச்சிமி, அப்பா பேர் முதல் எழுத்து ஒரு இடத்துல எம், இன்னொரு இடத்துல ஆர். பிறந்தப்ப தோட்டத்துல எழுதினவர் ஒரு மாதிரி எழுதினார், அப்புறம் சிங்களத்துல எழுதி அதைப் பார்த்து இங்கிலிஷ்ல எழுதினா பேர் எங்கயோ போயிருது. மூணு ஃபெக்டரின்னா மூணு அங்கத்துவ இலக்கம், மூணு எழுத்து. இப்ப செய்ய வேண்டியது, பிறப்புச் சான்றையும் அடையாள அட்டையையும் வச்சுக்கிட்டு சமாதான நீதவான்கிட்ட சத்தியக் கடதாசி ஒண்ணு எடு, இந்த மூணு பேரும் நான் ஒருத்திதான்னு. அதோட தொழில் அலுவலகத்துல பேர் திருத்தவும் கணக்குகளை ஒண்ணாக்கவும் குடு. மூடின ஃபெக்டரின்னா கையெழுத்து வைக்க ஆள் இருக்குறப்பவே, எச்.ஆர். அலுவலகத்துல லைட் எரியுறப்பவே ஓடிப் போய் வாங்கு. 50 வயசுல போய் நின்னா அந்தக் கட்டடத்துல வேற யாராச்சும் கோழித்தீன் வித்துக்கிட்டு இருப்பாங்க.

நான் மேன்பவர். ஃபெக்டரி ஆள் இல்ல, ஏஜண்ட் ஆள். ஈ.பி.எஃப். இல்லைன்னு ஏஜண்ட் சொல்றார்.
(மஸ்கெலியா)

பொய். நாள் கூலி, தற்காலிகம், துண்டுக் கணக்கு யாரா இருந்தாலும் முதல் நாள்ல இருந்தே ஈ.பி.எஃப். உண்டு. சம்பளத்துல உன் பக்கம் எட்டு வீதம், அவங்க பக்கம் பன்னிரண்டு வீதம். கட்டாட்டி தண்டப்பணம் பிந்தப் பிந்தக் கூடி 50 வீதம் வரைக்கும் போகும். ஏஜண்ட் உன் சம்பளத்துல எட்டு வெட்டுறாரான்னு முதல்ல பாரு, வெட்டிட்டுக் கட்டலைன்னா அது இன்னும் பெரிய விஷயம், முறைப்பாட்டுல அதை முதல் வரியிலயே எழுது.

நான் டெய்லர், நானுஓயா. ரெடிமேட் உடுப்பு பேல் பேலா வருது, சட்டை தைக்க யாரும் வாறதில்ல. இறக்குமதியால பாதிச்ச எங்களுக்கு அரசாங்கம் ஒண்ணும் தராதா?

அண்ணே, உண்மையைச் சொன்னா, இறக்குமதித் துணியால இந்த நாட்டுல வேலை போனதுல நீங்க முதல் ஆள் இல்ல. 1977-ல திறந்த பொருளாதாரம்னு கதவைத் திறந்தப்ப கைத்தறியில நெசவு செஞ்ச ஆயிரக்கணக்கான பொம்பளைங்க தறியை விட்டு எழும்பினாங்க. அவங்களுக்கும் அன்னைக்கு அமெரிக்கா மாதிரி ஒரு திட்டம் இருக்கல, உங்களுக்கும் இன்னைக்கு இல்ல.

ஆனா ஒண்ணு. 2025-க்கு ஸ்கூல் சீருடைத் துணி முழுசையும் சீனா அன்பளிப்பா குடுத்துச்சு. அது நெய்யுறவங்களுக்கு அடி. ஆனா வந்தது துணிதானே, தச்ச உடுப்பு இல்லையே. அளவெடுத்துத் தைக்க ஒவ்வொரு தாயும் யாரையாச்சும் தேடித்தான் ஆகணும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் ஸ்கூல் தொடங்க முன்னாடியே தோட்டத்து வரிசை வீடுகளுக்கு லயம் லயமா நாடா எடுத்துட்டுப் போய் பிள்ளைங்களை நிக்க வச்சு அளவு எடுத்துட்டு வந்துருவார், கடைக்கு வரட்டும்னு காத்துக்கிட்டு இருக்கல. சுயதொழில் செய்யுறவங்களும் ஈ.டி.எஃப்.ல சேரலாம், அதையும் விசாரிங்க.

மகள் வேலை போய் வீட்டுல இருக்கா. அரசாங்கம் குடுக்குற அஸ்வெசும உதவிப் பணம் கிடைக்குமா?
(ஒரு அம்மா, நோர்வூட்)

வேலை போனதுக்காகன்னு கிடைக்காதும்மா. அது முழுக் குடும்பத்தோட நிலைமையைப் பார்த்துப் புள்ளி போட்டுக் குடுக்குறது. ஆனா விண்ணப்பம் போட்டப்ப மகள் சம்பளம் வந்துச்சு, அதை வச்சுக் கழிச்சிருந்தாங்கன்னா, இப்ப நிலைமை மாறிட்டுதுன்னு சொல்றதுல பிழையில்ல. கிராம உத்தியோகத்தரைப் பார்த்துட்டு பிரதேச செயலகத்துல மேன்முறையீடு எப்ப எடுக்குறாங்கன்னு கேளுங்க. 2025 ஜனவரியில இருந்து வறிய குடும்பத்துக்கு மாசம் 10,000, மிக வறியவங்களுக்கு 17,500. வேலை நீக்கின கடிதத்தைக் கையோட கொண்டு போங்க, ராஜினாமா கடிதத்தை இல்ல.

அரசாங்கத் தையல் பயிற்சிக்குப் போகச் சொல்றாங்க, போகவா அக்கா? 11 வருசம் மெசின்ல இருந்தேன்.
(புசல்லாவை)

11 வருசம் தச்சவளுக்குத் தையல் கிளாஸா? ஊசியில நூல் கோக்கிறதைச் சொல்லிக் குடுக்கிற டீச்சருக்கு நீ சொல்லிக் குடுப்ப. கிளாஸ் வேணாம், சேர்டிபிகேட் வேணும். முன் அனுபவத்தைப் பார்த்து என்.வி.க்யூ.ங்கிற தேசிய தொழில் தகைமைச் சேர்டிபிகேட் குடுக்குற முறை இருக்கு, நைட்டான்னு அரசாங்கத் தொழிற்பயிற்சி நிறுவனம் ஒண்ணு இருக்கு, அங்க கேளு. வந்து நீ தைக்கிறதைப் பார்ப்பாங்க, கேள்வி கேட்பாங்க, சரின்னா தருவாங்க. அதை வச்சு வேற ஃபெக்டரியில சம்பளம் பேசலாம், வெளிநாடு போறதா இருந்தாலும் ஹெல்பர்னு போகாம ஒபரேட்டர்னு போகலாம். தையல் கண்ணுல காட்ட வேணாம்னா அது வேற, பேக்கரி, குழந்தை பராமரிப்பு, முதியோர் பராமரிப்பு எதுன்னாலும் போ, ஆனா வீட்டுக்கு வர ராவு பஸ் இருக்கான்னு முதல்ல பாரு, புசல்லாவையில இருந்து நான் போன காலத்துல அதுதான் படிப்பை விடப் பெரிய பிரச்சினை.

தலவாக்கலைத் தங்கச்சி, இன்னொண்ணு. அந்த 60 பேர்ல ஒருத்தருக்காச்சும் இந்தப் பக்கத்தை போட்டோ பிடிச்சு அனுப்பு. அந்த வெள்ளிக்கிழமை எத்தனாம் திகதின்னு நீ எழுதல, அதுல இருந்து ஆறு மாசம் எண்ணிக்கோங்க.